கழுவாத பாத்திரம்

நாமக்கல் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இந்தச் சம்பாஷணை நடந்திருக்கும். மகளுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். இரவு ஒன்பது மணிக்குத் தாயார் போன் செய்கிறாள்.

"என்ன கண்ணு, இன்னும் ஆபீசிலேதான் இருக்கிறயா? சாப்பிட்டயா?"

"இல்லீங்கம்மா. ஒரு வார்னிங் வந்திருக்குது. அதைச் சரி பண்ணிட்டுத்தான் கிளம்போணும்."

தாயாருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "வார்னிங்கா? அப்படி என்ன கண்ணு தப்புப் பண்ணினே? மேலதிகாரி கோவிச்சுக்கிட்டாங்களா?"

பயப்பட வேண்டாம், சகோதரிகளே. இந்த வார்னிங் கொடுப்பது மேலதிகாரி அல்ல, ஒரு புரோகிராம்தான். அதற்குக் கம்பைலர் என்று பெயர். நம் பெண்கள் எழுதுகிற கட்டளைகளை யந்திரத்துக்குப் புரிகிற பாஷையில் மாற்றித் தருவது அதன் வேலை. மாற்றும்போதே ஒரு பழைய கணக்குப்பிள்ளையைப் போல மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, அம்மா" என்று சொல்லும். வேலையை நிறுத்தாது; சந்தேகத்தை மட்டும் சொல்லும். அதுதான் வார்னிங்.

அந்தச் சந்தேகங்களில் ஒன்றை இந்த வாரம் பார்ப்போம். கேட்கிறபோது அற்பமாக இருக்கும். ஆனால் உங்கள் கைப்பையில் இருக்கும் போனுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

முதலில் 'கெர்னல்' என்ற வார்த்தை. பட்டாளத்துக் கர்னல் அல்ல. சேலத்துக்காரர்களுக்கு மாம்பழத்தை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். மேலே தோல், அப்புறம் சதை, அப்புறம் கொட்டை. கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறது அல்லவா? அந்தப் பருப்புக்குத்தான் ஆங்கிலத்தில் கெர்னல் என்று பெயர். கம்ப்யூட்டரிலும் அப்படியே. திரையில் தெரியும் படமும் எழுத்தும் தோலும் சதையும். எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்துகொண்டு, எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு நினைவிடம், யார் எப்போது ஓடலாம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று தீர்மானிப்பது கெர்னல்.

1991-ல் பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 'லினக்ஸ்' என்ற கெர்னலை எழுத ஆரம்பித்தார். இன்று ஆண்ட்ராய்ட் போன் ஒவ்வொன்றிலும் உள்ளே இருக்கும் பருப்பு அதுதான். தமிழ்நாட்டில் 2011-ல் பள்ளிக்கூட, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாக மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற ஒன்றும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கலாம். நம் தேசத்துச் சி-டாக் நிறுவனம் தயாரித்தது அது. அதற்குள்ளும் இதே கெர்னல்தான். ஆகவே லினக்ஸ் நமக்கு அன்னியச் சரக்கு அல்ல.

இனி கழுவாத பாத்திரத்துக்கு வருவோம்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பாத்திரம் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு 'வேரியபிள்' என்று பெயர். நம் பாடப்புத்தகங்கள் 'மாறி' என்று சொல்கின்றன. பாத்திரத்தின் மேல் 'விலை' என்றோ 'எண்ணிக்கை' என்றோ பெயர் எழுதி ஒட்டியிருக்கும். உள்ளே ஓர் எண்ணைப் போட வேண்டும். பிறகு வேண்டியபோது எடுத்துப் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் பெரும்பாலும் 'சி' என்ற பாஷையில் எழுதப்பட்டது. பெல் ஆராய்ச்சிச் சாலையில் டென்னிஸ் ரிச்சி 1970-களின் ஆரம்பத்தில் உண்டாக்கிய பாஷை. வேகத்தில் அதற்கு இணை சொல்வது கஷ்டம். ஆனால் ஒரு குணம் உண்டு. ஒரு சிறு வேலைக்காகத் தற்காலிகமாகப் பாத்திரம் கேட்டால், கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் நடப்பதைப் போல, சற்றுமுன் வேறொருவர் உபயோகித்து வைத்த பாத்திரத்தைக் கழுவாமலே நீட்டிவிடும். கழுவ நேரமாகும் அல்லவா? "உங்களுக்கு வேண்டியதை நீங்களே போட்டுக்கொள்ளப் போகிறீர்கள், நான் எதற்குக் கழுவ வேண்டும்?" என்பது அதன் கட்சி. நியாயமான கட்சிதான், நாம் நிச்சயமாக எதையாவது போட்ட பிறகே எடுப்பதாக இருந்தால்! போடாமலே எடுத்தால் முன்னவர் விட்டுப்போன ரசமோ பாயசமோதான் வரும். இதைத்தான் 'ஆரம்ப மதிப்பு கொடுக்காத மாறி' என்கிறார்கள்.

யாராவது போடாமலே எடுப்பார்களா என்று கேட்பீர்கள். நாமக்கல்லிலேயே ஓர் உதாரணம் பார்க்கலாம்.

நாமக்கல் மண்டலத்து முட்டைக்குப் பண்ணை விலையை அறிவிப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. 1982-ல் ஏற்பட்ட அமைப்பு. ஒரு வியாபாரி தம் கடைக் குமாஸ்தாவுக்கு இப்படி உத்தரவு போட்டிருக்கிறார் என்று வையுங்கள்: "இன்றைய விலை வந்தால் சிலேட்டில் எழுது. பிறகு சிலேட்டில் இருக்கிற விலையால் முட்டைக் கணக்கைப் பெருக்கிப் பில் போட்டு லாரியை அனுப்பு."

படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை வராத நாளில்? உத்தரவில் ஒன்றும் இல்லை. குமாஸ்தா சிலேட்டைப் பார்க்கிறான். அங்கே நேற்றைய விலை இருக்கிறது. அதையே பெருக்கிப் பில் போட்டுவிடுகிறான். நேற்றைய விலையும் இன்றைய விலையும் ஒன்றாக இருந்துவிட்டால் தப்பு வெளியே தெரியவே தெரியாது. மாதக் கணக்கில் இப்படி ஓடும். ஒரு நாள் முதலாளியின் பேரன் வந்து சிலேட்டில் ஏதோ ஓர் எண்ணைக் கிறுக்கி வைப்பான். அன்றைக்குத்தான் லாரி நிறைய முட்டையோடு வியாபாரமும் உடையும்!

இந்தத் தப்பின் விஷமே அதுதான். பாத்திரத்தில் மிச்சமிருப்பது பல நாள் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். சோதனை பார்க்கும்போது பிடிபடாது. ஆயிரம் மைலுக்கு அப்பால் வேறொரு யந்திரத்தில், வேறொரு வேளையில் காலை வாரிவிடும்.

கெர்னலில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு புரோகிராம் கெர்னலிடம் ஏதோ விவரம் கேட்கிறது. கெர்னல் பத்துக் கட்டங்கள் உள்ள படிவத்தில் எட்டுக் கட்டங்களை நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. மீதி இரண்டு கட்டங்கள் காலி என்று நினைக்கிறோம். காலி அல்ல, கழுவாத பாத்திரம் அல்லவா? சற்றுமுன் வேறொரு வேலைக்காக அங்கே வைத்திருந்த ரகசியம், யாருடைய கடவுச் சொல்லின் துண்டோ, அந்த மூலையில் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம். பூட்டை யாரும் உடைக்கவில்லை. வீட்டுக்காரரே கவரில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிறது.

அதனால்தான் கம்பைலர் குரல் கொடுக்கிறது. அது இரண்டு விதமாகக் கொடுக்கும். எந்த வழியாகப் போனாலும் போடாமலேதான் எடுக்கிறாய் என்று தெரிந்தால், "இது போடாத பாத்திரம்" என்று நிச்சயமாகச் சொல்லும். ஒரு வழியில் போட்டிருக்கிறது, இன்னொரு வழியில் போடவில்லை என்று தோன்றினால், "ஒருவேளை போடாததாக இருக்கலாம்" என்று இழுக்கும். தொல்லையெல்லாம் இந்த 'ஒருவேளை'யில்தான்.

நமது வியாபாரி வேறு விதமாக உத்தரவு போட்டிருந்தால்? "விலை வந்தால் சிலேட்டில் எழுதி, மேஜை மேல் சிவப்புத் துணியைப் போடு. பிறகு, சிவப்புத் துணி இருந்தால் மட்டும் பில் போடு." மனிதர்களுக்கு இது போதும். துணி இருந்தால் விலையும் இருக்கும், பழுதில்லை. ஆனால் கம்பைலருக்குச் சில சமயம் துணிக்கும் விலைக்கும் உள்ள உறவு புரிவதில்லை. "விலை எழுதாமலே பில் போடுகிற வழி ஒன்று இருக்கிறதே!" என்று கூச்சல் போடும். குற்றமில்லாத இடத்தில் குற்றம் சாட்டும்.

வார்னிங் வந்தால் பலர் முதலில் செய்வது என்ன தெரியுமா? பாத்திரத்தை எடுக்கும்போதே பூஜ்யத்தைப் போட்டுவிடுவது. கம்பைலர் உடனே வாயை மூடிக்கொள்ளும். ஆனால் முட்டைக் கடையில் இதன் அர்த்தம் என்ன? விலை வராத நாளில் முட்டை விலை பூஜ்யம்! லாரி நிறைய முட்டை தர்மத்துக்குப் போய்ச் சேரும். நாளைக்கு வேறொருவர் அந்த உத்தரவைத் திருத்தும்போது விலை எழுதுகிற வரியை மறந்துவிட்டால்கூடக் கம்பைலர் இனிமேல் சொல்லாது. பூஜ்யம்தான் ஏற்கெனவே இருக்கிறதே! பூஜ்யம் என்பது அந்த இடத்தில் அர்த்தமுள்ள பதிலாக இருந்தால் தாராளமாகப் போடலாம். வாயை அடைப்பதற்காகப் போடக் கூடாது.

இரண்டாவது வழி இன்னும் வேடிக்கை. 2007-ல் லினக்ஸில் கம்பைலரைச் சமாதானப்படுத்துவதற்கென்றே ஒரு சிறு தந்திரத்தைச் சேர்த்தார்கள். அது செய்ததெல்லாம் பாத்திரத்தில் இருப்பதை எடுத்து அதே பாத்திரத்தில் போடுவதுதான். "அரிசி எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டால், "இருக்கிற அரிசி எவ்வளவோ அவ்வளவு" என்று பதில் சொல்வது போல! கம்பைலர் திருப்தியடைந்து போய்விடும். அரிசியை அளந்தவர் யாரும் இல்லை. நிஜமான தப்புகளும் இந்தத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பதால், கீஸ் குக் என்ற லினக்ஸ் நிபுணர் 2020-ல் இந்தத் தந்திரத்தையே கெர்னலிலிருந்து அடியோடு நீக்கினார்.

மூன்றாவது வழி, வார்னிங் வருகிற வரியையே அடித்துவிடுவது. இதனால் வந்த வினை ஒன்று சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டது. அது கெர்னலில் நடந்தது அல்ல. சொன்னதும் கம்பைலர் அல்ல. ஆனால் பாடம் ஒன்றேதான்.

டெபியன் என்று லினக்ஸில் ஒரு பிரிவு. பாஸ் லினக்ஸுக்கும் அதுதான் தாய். ரகசியச் சாவிகளை உண்டாக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற தொகுப்பில், நினைவிடத்தைச் சோதிக்கும் 'வால்கிரைண்ட்' என்ற கருவி, கழுவாத பாத்திரம் உபயோகமாவதாக எச்சரித்தது. 2006-ல் அதைச் சரி செய்வதாக நினைத்து இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். எடுத்த வரிகளில் ஒன்று, சாவிக்கு வேண்டிய தாறுமாறான எண்களை உள்ளே சேர்க்கிற வரி! விளைவு, ஒரு வகை யந்திரத்தில் ஓர் அளவுச் சாவி என்று எடுத்துக்கொண்டால் சுமார் 32,768 சாவிகளுக்கு மேல் உண்டாக வழியில்லாமல் போயிற்று. கோடானுகோடி விதமாக இருக்க வேண்டிய சாவி இவ்வளவுதான் என்றால், திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம். இது ஒன்றரை வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடிக்க, 2008 மே 13-ந் தேதி உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் செய்த சாவிகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. எச்சரிக்கை சொன்னது நிஜம். அதைக் கேட்டுச் செய்த காரியம்தான் விபரீதம்!

அப்படியானால் ஒவ்வொரு 'ஒருவேளை'க்கும் மணிக்கணக்கில் உட்கார்ந்து யோசிக்க வேண்டுமா? இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புலி வருது கதை நமக்குத் தெரியும். பொய்க் கூச்சல் அதிகமானால் நிஜப் புலி வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்தக் காரணத்தால் 2016-ல் டோர்வால்ட்ஸ் 'ஒருவேளை' எச்சரிக்கையை நிறுத்தி வைத்தார். ஆர்ன்ட் பெர்க்மன் என்ற நிபுணர் பொறுமையாக ஒவ்வோர் இடமாகத் திருத்தி, அதே வருஷத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 2020-ல் ஜி.சி.சி. என்ற கம்பைலரின் பத்தாவது பதிப்பு வந்ததும் மறுபடியும் புதுக் கூச்சல் கிளம்பியது. டோர்வால்ட்ஸ் அதை வழக்கத்திலிருந்து எடுத்து, வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒலிக்கும்படி வைத்தார். கெட்டிக்காரர்களுக்குள்ளேயே இவ்வளவு இழுபறி!

ஆகையால் காவலை மூன்று விதமாக வைத்திருக்கிறார்கள். முதலாவது கம்பைலரின் வார்னிங். இரண்டாவது, 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1-ல் சேர்ந்த 'கே.எம்.சான்' என்ற சோதனைக் கருவி. கெர்னலை ஓடவிட்டு, நினைவிடத்தில் எது எழுதப்பட்டது, எது எழுதப்படாதது என்று தனியாக அடையாளம் வைத்துக்கொண்டே வரும். எழுதப்படாததை நம்பி ஒரு முடிவு எடுத்தால் கையும் களவுமாகப் பிடிக்கும். ஓட்டம் மந்தமாகிவிடும் என்பதால் இது சோதனைச் சாலைக்கு மட்டும்.

மூன்றாவது, பாத்திரத்தைக் கழுவியே கொடுத்துவிடுவது. கம்பைலரே தற்காலிகப் பாத்திரங்களில் எல்லாம் பூஜ்யத்தை நிரப்பித் தரும் ஏற்பாடு இப்போது உண்டு. கம்பைலர் இடம் கொடுத்தால் இதையே வழக்கமாக வைத்துக்கொள்ளும்படி 2021-ல் லினக்ஸ் கெர்னலில் மாற்றம் செய்தார்கள். ஜி.சி.சி.யும் 2022-ல் தன் பன்னிரண்டாவது பதிப்பில் இந்த வசதியைக் கொடுத்தது.

"பூஜ்யம் போடக் கூடாது என்று சற்றுமுன் சொன்னீரே!" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நாமாகப் பூஜ்யம் எழுதினால் கம்பைலர் அதை நம் பதிலாக எடுத்துக்கொண்டு மௌனமாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் அப்படியில்லை. பாத்திரத்தைக் கழுவியும் கொடுக்கும். "நீ இன்னும் ஒன்றும் போடவில்லை" என்று எச்சரிப்பதையும் விடாது. ரகசியம் வெளியே ஒழுகாது, தப்பும் மறையாது.

உங்கள் வீட்டில் 'சி' பாஷை படிக்கிற பெண் இருந்தால், இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுங்கள். சேலத்து அரசினர் பொறியியல் கல்லூரி 1966-ல் ஏற்பட்டது. இன்று சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் எத்தனையோ பெண்கள் இதைப் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

கம்பைலரை ஓட்டும்போது 'டபிள்யூ-ஆல்' என்ற விசையைப் போட்டுக்கொள். 'ஒருவேளை' எச்சரிக்கை முழுதாக வேலை செய்ய, வேகப்படுத்தும் விசையும் கூட இருக்க வேண்டும். வார்னிங் வந்தால், போடாமலே எடுக்கிற வழி எது என்று விரலை வைத்துத் தேடு. அப்படி ஒரு வழி நிஜமாகவே இருந்தால், அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானம் பண்ணு. விலை வராவிட்டால் லாரியை அனுப்பாதே என்று எழுது, அதுதான் திருத்தம். வழி இல்லை என்று நிச்சயமானால், கம்பைலருக்கும் புரிகிற மாதிரி கட்டளையைத் திருப்பி எழுது. சிவப்புத் துணியை எடுத்துவிட்டு, விலை எழுதின கையோடு பில்லையும் போடச் சொன்னால் தகராறே இல்லை. அநேகமாகப் படிக்கிறவர்களுக்கும் அது தெளிவாக இருக்கும். ஒருவரிடம் வேலை சொல்லி, பதிலைப் பாத்திரத்தில் போடச் சொன்னால், அவர் வேலையை முடித்தாரா என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தைத் திற. எச்சரிக்கையை அடக்கியே தீர வேண்டுமானால் அந்த ஒரே இடத்தில் அடக்கி, காரணத்தைப் பக்கத்தில் எழுதி வை.

புரோகிராம் எழுதாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. போனில் அவ்வப்போது 'பாதுகாப்பு அப்டேட் வந்திருக்கிறது' என்று ஒரு செய்தி வரும். பால் பொங்குகிற நேரத்தில் வந்து தொலைக்கிறதே என்று தள்ளிவிடுகிறோம். கெர்னலில் கண்டுபிடித்த இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைத்து அனுப்புவது அந்த வழியாகத்தான். எங்கேயோ ஒரு பெண் இரவு சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பாத்திரத்தைக் கழுவி அனுப்பியிருக்கிறாள். பாலை இறக்கி வைத்துவிட்டு, வாங்கிக்கொள்ளுங்கள்.